மன்னரின் மரணத்துக்கு நேரம் குறித்த டாக்டர்: 50 ஆண்டுகள் வெளிவராத ஒரு குறிப்பு

1936 ஜனவரி 20, இரவு ஒன்பதரை மணி இருக்கும். இங்கிலாந்தின் நார்ஃபோக் பகுதியில் உள்ள சாண்ட்ரிங்ஹாம் மாளிகை. மாடியில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் நினைவில்லாமல் படுத்திருக்கிறார். கீழே அவருடைய டாக்டர் கையில் கிடைத்த ஒரு மெனு கார்டைத் திருப்பி, அதன் பின்பக்கத்தில் ஒரே ஒரு வரி எழுதுகிறார். மன்னரின் வாழ்க்கை அமைதியாக முடிவை நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறது என்பதுதான் அதன் சாரம். சில நிமிடங்களில் அந்த வரி பிபிசி வானொலியில் ஒலித்தது. வழக்கமான நிகழ்ச்சிகள் நிறுத்தப்பட்டன. கால் மணி நேரத்துக்கு ஒருமுறை அதே வரி திரும்பத் திரும்ப வாசிக்கப்பட்டது.

இரவு 11.55-க்கு மன்னர் இறந்தார். மறுநாள் காலை நாளிதழ்களில் கறுப்புக் கட்டம் போட்டு செய்தி வந்தது. எல்லாமே ஒழுங்காக, கண்ணியமாக, சரியான நேரத்தில் நடந்த மாதிரி இருந்தது.

அது எப்படி அவ்வளவு சரியான நேரத்தில் நடந்தது என்பது வெளியே தெரிய 50 வருஷம் ஆனது. அந்த டாக்டர் தன் கைப்படவே எல்லாவற்றையும் எழுதி வைத்திருந்தார்.

அவர் பெயர் பெர்ட்ரண்ட் டாசன். அந்தக் காலத்து பிரிட்டனில் அவரைத் தெரியாதவர்கள் குறைவு. இன்று பெயர் சொன்னால் பலருக்குத் தெரியாது. ஆனால், நம்ம ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நீங்கள் எப்போதாவது ஊசி போட்டிருந்தால், அவருடைய யோசனை ஒன்றைத் தொட்டிருக்கிறீர்கள். அதுக்குப் பிறகு வருவோம்.

யார் இந்த டாசன்?

1864 மார்ச் 9 அன்று, லண்டனுக்குத் தெற்கே உள்ள க்ராய்டனில் பிறந்தவர். அப்பா கட்டடக் கலைஞர். பரம்பரைப் பணக்காரக் குடும்பமெல்லாம் இல்லை. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் படித்து, பிறகு லண்டன் ஹாஸ்பிட்டலில் மருத்துவம் பயின்றார். நகரத்தின் கிழக்கு ஓரத்தில், ஏழைத் தொழிலாளர்கள் நெருக்கியடித்து வாழ்ந்த வொயிட்சேப்பலில் இருந்த மருத்துவமனை அது. துறைமுகக் கூலிகள், தையல் வேலைக்காரர்கள், புலம்பெயர்ந்து வந்த யூதக் குடும்பங்கள் என்று வரிசையில் நிற்பவர்கள் எல்லாம் அன்றாடங்காய்ச்சிகள். காசநோயும் ஊட்டச்சத்துக் குறைவும் அங்கே தினசரிக் காட்சி.

1900-இல் திருமணம். மாமனார் ஆல்ஃபிரட் யாரோ, பெரிய கப்பல் கட்டும் தொழிலதிபர். காலையில் வொயிட்சேப்பல் வார்டு, மாலையில் வசதியானவர்களின் வீடுகள் என்று டாசனின் நாட்கள் இரண்டு உலகங்களில் ஓடின. ஆள் பார்க்க மிடுக்காக இருப்பார். பேச்சு சாமர்த்தியம் உண்டு. நோயாளியின் பக்கத்தில் உட்கார்ந்தால் பாதி நோய் போய்விட்ட மாதிரி இருக்கும் என்று பெயர் எடுத்தவர்.

1907-இல் அரண்மனைக் கதவு திறந்தது. ஏழாம் எட்வர்ட் மன்னரின் மருத்துவர்களில் ஒருவராக நியமனம். அவருக்குக் கிடைத்த பதவியின் பெயரை அப்படியே தமிழில் சொன்னால், அசாதாரண மருத்துவர். கேட்க பெரிய பதவி மாதிரி இருக்கும். ஆனா அரண்மனை வழக்கில் சாதாரண மருத்துவர்தான் மேல். அசாதாரணர் அவருக்குக் கீழே. சாதாரணம் என்றால் நிரந்தரப் பொறுப்பில் இருப்பவர், அசாதாரணம் என்றால் கூடுதல் ஆள் என்று புரிந்துகொள்ளலாம்.

அரண்மனை டாக்டர் வேலை சுகமானதா?

வெளியிலிருந்து பார்த்தால் பட்டம், பணம், புகழ். உள்ளே கத்தி மேல் நடக்கிற வேலை.

1817-இல் இளவரசி சார்லட்டின் பிரசவத்தைப் பார்த்தவர் சர் ரிச்சர்ட் க்ராஃப்ட். இரண்டு நாளைத் தாண்டிய பிரசவ வலி. குழந்தை இறந்தே பிறந்தது. சில மணி நேரத்தில் இளவரசியும் போய்விட்டார். அரியணைக்கு வரிசையில் இருந்த தாயும் பிள்ளையும் ஒரே நாளில் இல்லாமல் போனார்கள். நாடே க்ராஃப்டைத் திட்டியது. மூன்று மாதம் கழித்து, இன்னொரு பெண்ணுக்குப் பிரசவம் பார்க்கப் போன வீட்டில் அவர் துப்பாக்கியால் சுட்டு உயிரை மாய்த்துக்கொண்டார்.

எதிர்ப்பக்க உதாரணமும் உண்டு. 1853-இல் விக்டோரியா ராணியின் எட்டாவது பிரசவத்தில் ஜான் ஸ்னோ குளோரோஃபார்ம் கொடுத்தார். பிரசவ வலியைக் குறைக்கலாமா, அது கடவுளின் விருப்பத்துக்கு எதிரானதா என்றெல்லாம் நடந்த வாக்குவாதங்கள் அதோடு வலுவிழந்தன. 1902-இல் முடிசூட்டு விழாவுக்கு இரண்டு நாள் முன்பு ஏழாம் எட்வர்டுக்குக் குடல்வால் பகுதியில் சீழ் கட்டியது. விழாவைத் தள்ளி வைத்தே ஆக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்து அறுவை செய்தவர் ஃப்ரெடரிக் ட்ரீவ்ஸ். மன்னர் பிழைத்தார். ட்ரீவ்ஸும் டாசனைப் போலவே லண்டன் ஹாஸ்பிட்டல்காரர்தான்.

அதாவது, அரண்மனைக்குள் ஒரு டாக்டர் செய்வது அந்த ஒரு நோயாளியோடு முடிவதில்லை. நாடே பார்த்துக்கொண்டிருக்கும். டாசனுக்கு இது நன்றாகத் தெரியும். தெரிந்ததுதான் பிரச்சினையும் ஆனது.

1910-இல் எட்வர்ட் இறந்தபோது கடைசி நேரத்தில் கூட இருந்த டாக்டர்களில் டாசனும் ஒருவர். அடுத்து வந்த மகன் ஐந்தாம் ஜார்ஜ் அவரைத் தன்னோடு வைத்துக்கொண்டார். எந்த ஜார்ஜ் என்கிறீர்களா? சென்னையின் பிளாக் டவுன் ஜார்ஜ் டவுன் ஆனது இவர் பெயரால்தான். 1911 டெல்லி தர்பாரில் இந்தியாவின் சக்கரவர்த்தியாக வந்து உட்கார்ந்தவரும் இவரே.

எல்லோருக்கும் மருத்துவம்: 1920-இல் ஒரு வரைபடம்

முதல் உலகப் போரில் டாசன் பிரான்ஸில் ராணுவ மருத்துவ ஆலோசகராக இருந்தார். மேஜர் ஜெனரல் அந்தஸ்து. அங்கே அவர் கண்ணில் பட்டது இரண்டு விஷயங்கள். ஒன்று, ராணுவத்துக்கு ஆள் எடுக்கும்போது வந்து நின்ற இளைஞர்களில் எத்தனை பேர் உடம்பு கெட்டுப்போய் இருந்தார்கள் என்பது. இரண்டாவது, காயம்பட்டவரை முதலுதவி முகாம், பிறகு இடைநிலை முகாம், பிறகு பெரிய ஆஸ்பத்திரி என்று படிப்படியாக நகர்த்தினால் எவ்வளவு உயிரைக் காப்பாற்ற முடியும் என்பது.

போர் முடிந்ததும் பிரிட்டிஷ் அரசு சுகாதார அமைச்சகம் ஒன்றை உருவாக்கி, மருத்துவச் சேவையை எப்படி அமைக்கலாம் என்று யோசிக்க ஒரு ஆலோசனைக் குழு போட்டது. தலைவர் டாசன். 1920 மே மாதம் அறிக்கை வந்தது. அதன் மையக் கருத்தை இன்றைக்குப் படித்தால், இதுல என்ன புதுசு என்று தோன்றும். ஒவ்வொரு ஊருக்கும் பக்கத்தில் ஒரு ஆரம்ப சுகாதார மையம்; அங்கே பொது மருத்துவர்கள், நர்ஸ்கள், பிரசவம் பார்ப்பவர்கள். அங்கே முடியாததை அனுப்ப இரண்டாம் நிலை மையம். அங்கே சிறப்பு மருத்துவர்கள். அதற்கும் மேலே மருத்துவக் கல்லூரியோடு சேர்ந்த பெரிய மருத்துவமனை. நோய்க்கு வைத்தியமும் நோய் வராமல் தடுப்பதும் ஒரே கூரையின் கீழ்.

நமக்குப் பழகிப்போனதால்தான் புதுசாகத் தெரியவில்லை. 1920-இல் பிரிட்டனில் அது புதுசு. அங்கே ஏழைக்கு ஒரு ஆஸ்பத்திரி, காப்பீடு வைத்திருந்த தொழிலாளிக்கு ஒரு டாக்டர், அவன் மனைவிக்கும் பிள்ளைக்கும் யாரும் இல்லை என்ற நிலைதான் இருந்தது.

அறிக்கை அலமாரிக்குப் போனது. பணமில்லை என்று அரசு கைவிரித்தது. ஆனால் யோசனை சாகவில்லை. 1948-இல் பிரிட்டனின் தேசிய சுகாதாரச் சேவை வந்தபோது அதன் முன்னோடிகளில் ஒன்றாக டாசன் அறிக்கையைச் சொன்னார்கள். இந்தியாவில் ஜோசஃப் போர் தலைமையிலான குழு 1946-இல் கொடுத்த அறிக்கையும் ஆரம்ப சுகாதார நிலையம் என்ற கருத்தைத்தான் அடித்தளமாக வைத்தது. 1952 முதல் கிராமங்களில் அவை எழும்பத் தொடங்கின. மேலே சொன்னேனே, அந்தத் தொடர்பு இதுதான்.

டாசனுக்கு 1920-இல் பிரபு பட்டம் கிடைத்தது. பக்கிங்ஹாம்ஷயரில் அவர் வீடு இருந்த கிராமத்தின் பெயரோடு, பென் நகரின் டாசன் பிரபு ஆனார். நகரமெல்லாம் இல்லை, கிராமம்தான். பட்டத்துக்கு எடுப்பாக இருக்கட்டும்.

அடுத்த வருஷமே ஒரு சர்ச்சை. பர்மிங்ஹாமில் நடந்த திருச்சபை மாநாட்டில் போய் நின்று, கணவன் மனைவி கருத்தடை பயன்படுத்துவதில் தவறில்லை என்று பேசினார். சொன்ன இடம் பாருங்கள்! பாதிரியார்கள் நிறைந்த சபை. மன்னரின் டாக்டர் இப்படிப் பேசலாமா என்று பத்திரிகைகள் கொதித்தன. பதவியைவிட்டுப் போகச் சொல்லி ஒரு ஞாயிறு இதழ் எழுதியது. டாசன் அசையவில்லை. மன்னரும் அவரை விடவில்லை.

1928: உயிரைக் காப்பாற்றிய ஊசி

1928 நவம்பரில் மன்னருக்குக் காய்ச்சல். நுரையீரல் தொற்று. கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டது. பக்கிங்ஹாம் அரண்மனைக்குள்ளேயே எக்ஸ்ரே கருவி கொண்டுவந்து படம் எடுத்தார்கள். மூத்த மகனுக்கு அவசரத் தந்தி போனது. கிழக்கு ஆப்பிரிக்காவில் சுற்றுப்பயணத்தில் இருந்த அவர் ஓடோடி வந்தார்.

அந்த நேரத்தில் டாக்டர்கள் கையில் என்ன மருந்து இருந்தது? பெரிதாக ஒன்றும் இல்லை. வேடிக்கை என்னவென்றால், அதே 1928 செப்டம்பரில்தான், அதே லண்டனில், அலெக்சாண்டர் ஃப்ளெமிங் ஒரு தட்டில் வளர்ந்த பூஞ்சையைப் பார்த்து யோசிக்கத் தொடங்கியிருந்தார். பென்சிலின் மருந்தாகக் கைக்கு வர இன்னும் பத்து வருஷத்துக்கு மேல் ஆகும். மன்னராக இருந்தும் பயனில்லை.

நெஞ்சுக்குள் எங்கோ சீழ் கட்டியிருக்கிறது என்று டாசனுக்குச் சந்தேகம். இடம்தான் பிடிபடவில்லை. டிசம்பர் 12 அன்று மன்னரின் உடம்பைக் கையால் தட்டித் தட்டிப் பார்த்து, ஓரிடத்தில் ஊசியைச் செலுத்தினார். சீழ் வந்தது. அன்று மாலையே அறுவை நிபுணர் ஹியூ ரிக்பி ஒரு விலா எலும்பின் பகுதியை நீக்கி முழுவதையும் வடித்தார். பல வாரப் போராட்டத்துக்குப் பிறகு மன்னர் எழுந்து உட்கார்ந்தார். தேற்றிக்கொள்ளக் கடற்கரை ஊரான பாக்னருக்குப் போனார். அந்த ஊர் அதன் பிறகு பாக்னர் ரீஜிஸ், அதாவது அரசரின் பாக்னர் ஆகிவிட்டது.

டாசன் நாட்டின் செல்லப்பிள்ளை ஆனார். மன்னரின் ஆலோசனைச் சபையான ப்ரிவி கவுன்சிலில் உறுப்பினர். 1931-இல் ராயல் காலேஜ் ஆஃப் ஃபிசீஷியன்ஸின் தலைவர். அவரைப் பிடிக்காதவர்களும் இருந்தார்கள். பெரிய டாக்டர் என்கிறார்கள், எத்தனை பேரைக் கொன்றாரோ என்ற தொனியில் ஒரு கிண்டல் பாட்டு மருத்துவ வட்டாரத்தில் சுற்றியது. போட்டி பொறாமையில் கட்டிய பாட்டு. அதைக் கட்டியவர்களுக்குப் பின்னால் நடக்கப்போவது தெரிந்திருக்க நியாயமில்லை.

இந்த நோயின்போது மன்னரைப் பார்த்துக்கொள்ள ஒரு நர்ஸ் வந்தார். கேத்தரின் பிளாக். லண்டன் ஹாஸ்பிட்டலில் பயிற்சி பெற்றவர். நோய் தீர்ந்தும் மன்னர் அவரை அனுப்பவில்லை. ஏழு வருஷத்துக்கு மேல் அரண்மனையிலேயே தங்கி அவரைக் கவனித்துக்கொண்டார். இந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் கடைசி நாள்

1935 மே மாதம் மன்னரின் ஆட்சிக்கு வெள்ளி விழா. டிசம்பரில் மிக நெருங்கிய தங்கை விக்டோரியா இறந்தது அவரை உடைத்தது. ஜீவிதம் முழுக்க சிகரெட். மூச்சுக்குழல் ஏற்கெனவே பாழ். 1936 ஜனவரி நடுவில் சாண்ட்ரிங்ஹாமில் சளி என்று படுத்தவர் எழவில்லை. டாசன் வரவழைக்கப்பட்டார். இதயம் தளர்ந்துகொண்டிருந்தது. மன்னருக்கு 70 வயது, டாக்டருக்கு 71.

20-ஆம் தேதி பகலில் ப்ரிவி கவுன்சில் உறுப்பினர்கள் சிலர் படுக்கை அறைக்கு வந்தார்கள். மன்னருக்குப் பதிலாக அரசுக் காரியங்களைப் பார்க்க ஒரு குழு அமைக்கும் உத்தரவில் அவர் கையெழுத்து வேண்டும். கை ஒத்துழைக்கவில்லை. வெகு நேரம் முயன்று இரண்டு கீறல் போட்டார். அதுதான் அவருடைய கடைசி அரசுப் பணி.

மாலைக்குள் நினைவு தப்பிவிட்டது. மனைவி ராணி மேரி, பிள்ளைகள், பிரார்த்தனை சொல்ல கேன்டர்பரி பேராயர் காஸ்மோ லாங் எல்லோரும் மாளிகையில் இருந்தார்கள். தீராத நோய் என்றால் உயிரை வீணாக இழுத்துப் பிடிக்க வேண்டாம் என்று ராணியும் மூத்த மகனும் டாசனிடம் முன்னமே சொல்லியிருந்தார்கள். இதை உன்னிப்பாகக் கவனிக்க வேண்டும். இழுத்துப் பிடிக்க வேண்டாம் என்பது வேறு. முடித்துவிடு என்பது வேறு.

இரவு 11 மணி. இந்த நிலை இன்னும் பல மணி நேரம் நீளும் என்று டாசன் கணித்தார். அதன் பிறகு என்ன செய்தார் என்பதை அவரே குறிப்பில் எழுதியிருக்கிறார். முக்கால் கிரெய்ன் மார்ஃபின். சிறிது நேரத்தில் ஒரு கிரெய்ன் கொக்கெயின். இரண்டும் கழுத்தில் புடைத்திருந்த பெரிய ரத்தக் குழாயில் நேரடியாக. இன்றைய கணக்கில் ஏறக்குறைய 50 மில்லிகிராம் மார்ஃபின், 65 மில்லிகிராம் கொக்கெயின். கடும் வலியில் இருக்கும் ஒருவருக்கு வழக்கமாக ஒரு தடவை கொடுக்கும் மார்ஃபின் 10 மில்லிகிராம் அளவில்தான் இருக்கும். இவரோ வலியில் கத்திக்கொண்டிருக்கவில்லை. ஆழ்ந்த மயக்கத்தில் இருந்தார்.

ஊசி போடுவது வழக்கமாக நர்ஸ் வேலை. டாசன் தானே போட்டார். கேத்தரின் பிளாக் இதைப் பார்த்து நிலைகுலைந்தது வெளிப்படையாகத் தெரிந்ததால் தானே போட்டதாக அவர் எழுதியிருக்கிறார். அந்த அறையில் இது சரியில்லை என்று முகத்திலாவது காட்டிய ஒரே ஆள் அந்த நர்ஸ்தான் என்று தெரிகிறது.

கால் மணி நேரத்தில் மூச்சு தணிந்தது. அதன் பிறகே குடும்பத்தினர் திரும்ப வந்து படுக்கையைச் சுற்றி நின்றார்கள். 11.55-க்கு எல்லாம் முடிந்தது.

ஏன் அவசரம்?

இதுக்கு டாசன் எழுதி வைத்த காரணம்தான் இந்தக் கதையைச் சாதாரணக் கருணைக் கதையாக இருக்கவிடாமல் செய்கிறது. மன்னருக்கு உரிய கண்ணியமும் அமைதியும் காக்கப்பட வேண்டும், சுற்றி நிற்பவர்கள் மணிக்கணக்கில் காத்துக் களைத்துப் போகிறார்கள் என்பதெல்லாம் ஒரு பக்கம். கூடவே இன்னொன்றும் எழுதினார். மரணச் செய்தி முதலில் காலை நாளிதழ்களில் வர வேண்டும். தரம் குறைந்த மாலைப் பத்திரிகைகளில் வந்துவிடக் கூடாது. நள்ளிரவுக்குள் முடிந்தால்தான் மறுநாள் காலைப் பதிப்பைப் பிடிக்கலாம். லண்டனில் இருந்த மனைவிக்குப் போன் போட்டு, அச்சுக்குப் போகாமல் கொஞ்சம் பொறுத்திருக்கும்படி தி டைம்ஸ் பத்திரிகைக்குச் சொல்லச் சொன்னார்.

படிக்கிறபோது ஒரு நிமிடம் நின்றுவிடுகிறோம், இல்லையா? ஒரு மனிதனின் கடைசி மூச்சும் ஒரு பத்திரிகையின் அச்சு நேரமும் ஒரே தராசில்.

மன்னரின் கடைசி வார்த்தைகள் விஷயத்திலும் இதே மாதிரி ஒரு ஒப்பனை. சாம்ராஜ்யம் எப்படி இருக்கிறது என்று விசாரித்தார் என்பது அப்போது மக்களிடம் பரவிய கதை. டாசனின் குறிப்போ வேறு சொல்கிறது. தூங்குவதற்காகச் சிறு அளவு மருந்து ஏற்றிய நர்ஸைப் பார்த்து மன்னர் திட்டிய ஒரு வசவுதான் கடைசியில் அவர் வாயிலிருந்து வந்தது.

இன்னொரு துணுக்கு. சாண்ட்ரிங்ஹாம் மாளிகைக் கடிகாரங்கள் எல்லாம் அரை மணி நேரம் முன்னால் ஓடும். வேட்டைக்குப் பகல் வெளிச்சம் கூடுதலாகக் கிடைக்கட்டும் என்று ஏழாம் எட்வர்ட் செய்த ஏற்பாடு. அப்பா இறந்த அன்றிரவே புது மன்னர் எட்டாம் எட்வர்ட் கொடுத்த முதல் உத்தரவுகளில் ஒன்று, அந்தக் கடிகாரங்களைச் சரியான நேரத்துக்குத் திருப்புவது.

சட்டப்படி இது என்ன?

1936-இல் பிரிட்டனில் கருணைக்கொலைக்கு அனுமதி இல்லை. வலியைத் தணிக்க மருந்து கொடுத்து, அதன் பக்கவிளைவாக உயிர் சற்று முன்னதாகப் பிரிந்தால் அது வேறு. அங்கே நோக்கம் வலியைக் குறைப்பது. சாவை வரவழைக்கவே ஊசி போட்டால், நோயாளி கெஞ்சிக் கேட்டிருந்தாலும், சட்டத்தின் கண்ணில் அது கொலை. ஐந்தாம் ஜார்ஜ் கேட்கவும் இல்லை. சாவின் நேரத்தைத் தீர்மானிக்க முடிவெடுத்தேன் என்ற பொருளில் டாசனே எழுதிய பிறகு, நோக்கம் பற்றி வாதாட இடமில்லை.

ஆனால் அந்தக் காலத்து டாக்டர்கள் சிலர் இதை அமைதியாகச் செய்துவந்தார்கள் என்பதும் உண்மை. வெளியே பேச மாட்டார்கள். குடும்பமும் கேட்காது.

இப்போதுதான் கதையின் விசித்திரமான திருப்பம். அதே ஆண்டு டிசம்பர் 1. பிரபுக்கள் சபையில் தன்விருப்பக் கருணைக்கொலையைச் சட்டமாக்க ஒரு மசோதா விவாதத்துக்கு வந்தது. முந்தைய வருஷம் தொடங்கிய ஒரு சங்கத்தின் முயற்சி அது. மசோதாவில் கட்டுப்பாடுகள் ஏராளம். நோயாளி வயது வந்தவராக, தீராத நோயில் வலியோடு இருப்பவராக இருக்க வேண்டும். அவரே சாட்சிகள் முன் கையெழுத்திட்டு விண்ணப்பிக்க வேண்டும். டாக்டர்கள் சான்று தர வேண்டும். தனியாக ஒரு அதிகாரி வந்து விசாரிக்க வேண்டும்.

டாசன் எழுந்து எதிர்த்துப் பேசினார். சாகும் தறுவாயில் உள்ளவரின் வேதனையைக் குறைப்பது, அது ஆயுளைக் குறைத்தாலும், டாக்டரின் கடமை என்ற எண்ணம் மருத்துவர்களிடம் வளர்ந்துவருகிறது என்று ஒப்புக்கொண்டார். ஆனால் அதைச் சட்டத்துக்குள் கொண்டுவராதீர்கள், டாக்டரின் மனசாட்சிக்கு விட்டுவிடுங்கள் என்பதுதான் அவர் வாதம். நோயாளியின் அறைக்குள் படிவங்களும் விசாரணை அதிகாரியும் நுழைவதை அவரால் ஏற்க முடியவில்லை. இன்னொரு அரண்மனை டாக்டரான ஹோர்டர் பிரபுவும் எதிர்த்தார். 14-க்கு 35 என்ற வாக்குகளில் மசோதா தோற்றது.

பத்து மாதத்துக்கு முன் அவர் என்ன செய்தார் என்பது அன்று சபையில் உட்கார்ந்திருந்தவர்களுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அந்த உரை வேறு மாதிரி கேட்டிருக்கும். என் கணக்கில் அவர் பாசாங்கு செய்யவில்லை. அவர் உண்மையிலேயே அப்படித்தான் நம்பினார். டாக்டருக்குத் தெரியும், டாக்டர் முடிவு செய்வார், வெளியார் கேட்கக் கூடாது. அந்த மசோதா எதைக் கட்டாயமாக்கப் பார்த்ததோ, அதாவது நோயாளியின் சொந்தச் சம்மதம், அதுதான் சாண்ட்ரிங்ஹாமில் இல்லாமல் போனது. மனசாட்சிக்கு விட்டால் என்ன ஆகும் என்பதற்கு அவரே உதாரணமாக நின்றுகொண்டு மனசாட்சிக்கு விடுங்கள் என்றார்.

அன்றைய விவாதம் பெரிதாகப் பேசப்படாமல் போனதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அதே டிசம்பர் 1 அன்றுதான் பிராட்ஃபோர்ட் பிஷப்பின் ஒரு பேச்சால் எட்டாம் எட்வர்டின் காதல் விவகாரம் பத்திரிகைகளில் வெடிக்கத் தொடங்கியது. பத்து நாளில் அவர் முடியைத் துறந்தார்.

எப்படி வெளிவந்தது?

டாசனுக்கு அந்த ஆண்டே வைகவுண்ட் என்ற உயர்ந்த பட்டம் கிடைத்தது. 1945 மார்ச் 7 அன்று, 81-ஆவது பிறந்தநாளுக்கு இரண்டு நாள் முன்பு இறந்தார். தான் வரைந்த சுகாதாரத் திட்டத்தின் வாரிசு பிறப்பதைப் பார்க்க அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை.

1950-இல் ஃப்ரான்சிஸ் வாட்சன் என்பவர் அவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதினார். டாசனின் குறிப்புகளைப் படித்தவர் அவர். ஜனவரி 20 இரவின் பக்கத்தையும் படித்தார். ஆனால் டாசனின் மனைவி விரும்பாததால் அதைப் புத்தகத்தில் சேர்க்கவில்லை. அந்த மனைவிதான் அன்றிரவு தி டைம்ஸுக்குப் போன் போட்டவர் என்பதை நினைவில் கொள்ளுங்கள். குறிப்பு விண்ட்சர் கோட்டை ஆவணக் காப்பகத்தில் இருந்தது. 1986 இறுதியில், வயதான காலத்தில், ஹிஸ்டரி டுடே இதழில் வாட்சன் எல்லாவற்றையும் வெளியிட்டார். உலகம் முழுக்கத் தலைப்புச் செய்தி.

அப்போது பலர் டாசனைப் பரிவோடும் பார்த்தார்கள். எப்படியும் விடிவதற்குள் இறந்திருப்பார், சில மணி நேரம்தானே என்றார்கள். எல்லோரும் ஒப்பவில்லை. 1994-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த ஒரு கட்டுரை, டாக்டரின் வசதிக்கும் அரண்மனையின் வசதிக்கும் ஏற்ப நடந்த சாவு இது என்று கடுமையாக வாதிட்டது. நோயாளியின் நலனுக்காக என்று சொல்லும் ஒரு வரிகூட அந்த அச்சு நேரக் கணக்கோடு ஒட்டவில்லை என்பதை மறுப்பது கஷ்டம்தான்.

இந்தியாவில் 2018 மார்ச் 9 அன்று உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பு, மீள வழியில்லாத நோயாளிக்கு உயிர்காக்கும் சிகிச்சையை நிறுத்திக்கொள்ள நிபந்தனைகளோடு வழி தந்தது. ஒருவர் நல்ல நினைவோடு இருக்கும்போதே தன் விருப்பத்தை எழுதி வைக்கவும் அதில் இடமுண்டு. ஊசி போட்டு முடிப்பது அன்றும் இன்றும் இங்கே குற்றம். ராணி மேரி டாசனிடம் சொன்னது முதல் வகை. டாசன் செய்தது இரண்டாம் வகை.

கேத்தரின் பிளாக் என்ன ஆனார்? 1939-இல் தன் வாழ்க்கைக் கதையைப் புத்தகமாக எழுதினார். மன்னருக்கும் பிச்சைக்காரருக்கும் நர்ஸாக இருந்தவள் என்ற பொருள்படும் தலைப்பு. வொயிட்சேப்பல் வார்டுகள், போர்க்கள மருத்துவமனை, அரண்மனை நாட்கள், மன்னரின் கடைசி வாரம் எல்லாம் அதில் வருகிறது. அந்த ஊசியைப் பற்றி மட்டும் ஒரு வரி இல்லை.